சிலுவை முத்திரையிட்ட பட்டியல்

என் பயணக் குறிப்புகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு குறை தெரியும். நாள், கிழமை, மணி, வானிலை எழுதாமல் நான் ஒரு பக்கத்தையும் முடித்ததில்லை. ஈப்போவில் என் வீட்டு அலமாரியில் நாட்குறிப்புகள் ஆண்டு வரிசையில் நிற்கின்றன. என்றைக்கு வெள்ளம் வந்தது, என்றைக்குக் கூரை மாற்றினோம் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவேன். இந்தக் கட்டுரையில் மட்டும் கிழமைகள் இருக்கும், தேதி ஒன்றுகூட இருக்காது. எழுபதுகளின் முற்பாதி, ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம், புளியமரம் உலுக்கும் மாதம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

தர்மபுரிப் பக்கம் நான் போனதே ஒரு தேதிக்காகத்தான். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அப்பா இறந்தார். கடத்தூருக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சேரியிலிருந்து பதினாறோ பதினெட்டோ வயதில் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். சாகும்போது எத்தனை வயது என்று அவருக்கே தெரியாது. கல்லறைக் கல்லில் இறந்த நாளை வெட்டிவிட்டு, பிறந்த நாளுக்கு இடம் விட்டுவைத்தோம். "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அதைவிட என்ன வேலை? அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலின் பதிவேட்டைத் தேடிப் புறப்பட்டேன்.

திங்கட்கிழமை தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பாய் கடையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். ஈப்போவில் இதற்கு இணையான சால்னா கிடையாது என்று முதல் கவளத்திலேயே ஒப்புக்கொண்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் என் சட்டையையும் காலணியையும் பார்த்துவிட்டு, "மலேயாங்களா?" என்றார். அவருடைய மச்சான் பினாங்கில் மணி எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கிறாராம், தெரியுமா என்று கேட்டார். பினாங்கு பெரிய ஊர் என்றேன். "அவரும் பெரிய ஆளுதாங்க, நூத்திப் பத்து கிலோ" என்றார்.

நான் போகும் ஊரின் பெயரையும், அங்கே கோயில் பதிவேடு பார்க்கப் போவதையும் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"சாமியாரு ஊர்கோலம் உட்டாரே, அந்த ஊருங்களா?"

"என்ன ஊர்கோலம்?"

"போன வருசம் சேரி சனத்தக் கூட்டிக்கிட்டு தாலுக்கா ஆபீசு வரைக்கும் நடந்தே வந்தாருங்க. குடியிருக்க மனை வேணும்னு. வேகாத வெயிலு. நாந்தான் எல்லாத்துக்கும் தண்ணி குடுத்தன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க கோயில்காரங்களே நாலு பேரு இங்க ஒக்காந்து டீ குடிச்சிக்கிட்டு திட்டினாங்க. சாமியாருக்கு ஆபீசுல இன்னா வேலைன்னு" என்றார்.

பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. முன்பக்கம் ஆவி பறந்தது. நடத்துனர் இறங்கி, "குடத்துல தண்ணி வெச்சிருக்கறவங்க கொஞ்சம் குடுங்க, இல்லீன்னா எல்லாரும் தள்ளுங்க" என்றார். எங்கள் ஊரில் இப்படி நின்றால் ஐந்து நிமிடத்தில் மழை வந்து இன்ஜினைக் குளிர்வித்துவிடும். இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்மண்ணும், இலையுதிர்ந்த வேலியும், தொலைவில் நீலமாக ஒரு மலையும். சாலையோரப் புளியமரங்களில் ஆட்கள் ஏறிக் கிளைகளை உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்தவர், நான் கேட்காமலேயே எனக்கு மொழிபெயர்த்தார். அவர்களுடைய நாற்று, மருமகள், பல்வலி எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "அந்த ஊரில் பெரிய வீட்டுக்காரர் ஆடி மாதத்துக்குள் சேரிக் குடிசைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டாராம். நிலம் அவருடையதுதானே, யார் என்ன செய்ய முடியும் என்கிறாள்" என்றார்.

நான் இறங்க வேண்டிய ஊர் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை உபதேசியார் சவரிமுத்துவைப் பார்த்தேன். பங்குச் சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். மணி அடிப்பது, செபம் சொல்வது, செத்தவர்களை அடக்கம் செய்வது, மனு எழுதுவது எல்லாம் அவர்தான். அறுபது வயது இருக்கலாம் என்று எழுதத் தோன்றுகிறது. சரியான வயதை மறுநாள் நானே கண்டுபிடித்தேன், அறுபத்து மூன்று.

"வாங்க, வாங்க. உங்க கடுதாசி வந்துதுங்க. சாமியாருதான் இல்லீங்க. பிசப்பு, மேற்றிராணியார், கூப்ட்டு உட்டாரு. ஊர்கோலத்த பத்தி யாரோ பெட்டிஷன் போட்டுட்டாங்க. வெள்ளிக்கெழம வந்துருவாரு" என்றார்.

ராகிக் களியும் கீரைக் கடைசலும் போட்டார். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அப்பா சொல்வார். தோட்டத்தில் ராகி கிடைக்காதபோது மரவள்ளி மாவில் கிண்டி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். அன்று நான் மூன்று முறை விக்கினேன்.

சாப்பிட்டதும் அவர் பூசை உடைகள் வைக்கும் சக்கிரீஸ்து அறையின் மர அலமாரியைத் திறந்தார். பதிவேடுகள் தோலட்டை போட்டு நின்றன. வெள்ளைக்காரச் சாமியார்கள் லத்தீனில் எழுதியவை. மிஷன் பள்ளியில் நான் படித்த லத்தீன் நாற்பது ஆண்டுகளாகத் துருப்பிடித்துக் கிடந்தது. ஆனாலும் மாதப் பெயர்களும், மகன், மகள், ஞானத்தகப்பன் என்ற சொற்களும் போதுமானவை. மாலை நாலு மணிக்கு அப்பா கிடைத்தார். இன்ன நாள் பிறந்தான், இன்ன நாள் ஞானஸ்நானம் பெற்றான், இன்னாருடைய மகன். தாத்தாவின் பெயரை அன்றுதான் முதல்முறையாக அறிந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன்.

உபதேசியார் என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, இத உங்களால படிக்க முடியுதுங்களா?" என்றார்.

"முடிகிறது."

"எங்களால ஆவாது. லத்தீனு படிச்ச சாமியாருக்கே இந்தக் கையெழுத்து புரியாது. இது கோழி கிண்டின மாதிரி இருக்குது." கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீங்க ஒரு ஒபகாரம் பண்ணணுங்க."

விஷயம் இதுதான். அந்தச் சேரியில் பன்னிரண்டு குடும்பங்கள். எல்லாரும் பெரிய வீட்டுக்காரரின் நிலத்தில் குடிசை போட்டு, அவருக்கே கூலி வேலை செய்கிறவர்கள். கூலி கூட்டிக் கேட்டால் குடிசையைப் பிரி என்பார். அதனால்தான் சாமியார் மனைக்கு மனு போட வைத்தார். அரசாங்கம் ஊருக்கு வடக்கே ஒரு மேட்டு நிலத்தை எடுத்து, இந்தச் சேரிக்கும் அடுத்த சேரிக்கும் ஆளுக்கு மூன்று சென்ட் பட்டா தருவதாக இருந்தது. வியாழக்கிழமை தனி தாசில்தார் விசாரணைக்கு வருகிறார். மனுவில் சின்னப் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள் என்று பெரிய வீட்டுக்காரர் புகார் கொடுத்ததால், ஒவ்வொருவரும் வயதுக்கு ஏதாவது ஓர் ஆதாரம் காட்ட வேண்டும்.

"ஓட்டர் லிஸ்ட் போதும்னு ஆபீசுல சொன்னாங்க. அதயே குடுத்துரலாம்னு இருந்தேன்" என்று அதை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிப் பார்த்தேன். பாதிப் பேருக்கு முப்பத்தைந்து வயது. ஒரு தாய்க்கும் மகனுக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். ஒருவர் தம் தம்பியைவிட இளையவர். என்னால் பொறுக்க முடியவில்லை. "இதைக் கொண்டு போய்க் கொடுத்தால் மனுவையே பொய் என்பார்கள். உண்மையான தேதி கையில் இருக்கும்போது இது எதற்கு?" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொன்னபடியே இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

புதன்கிழமை உபதேசியார் என்னை ஒகேனக்கலுக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. பரிசலில் போய், அங்கேயே பிடித்த மீனை அங்கேயே வறுத்துத் தருவார்கள், அதைத் தின்னாமல் ஊர் திரும்பினால் பாவம் என்றார். வேலை இருக்கிறதே என்று நான்தான் மறுத்தேன். இன்றைக்கும் வறுத்த மீன் வாசனை வந்தால் அந்தப் புதன்கிழமையை நினைத்துக்கொள்கிறேன்.

காலை முதல் சேரிப் பெண்களும் ஆண்களும் சக்கிரீஸ்து வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். தகப்பன் பெயர், தாய் பெயர் கேட்டு ஒவ்வொருவரையும் தேடினேன். எல்லாருக்கும் இரண்டு பெயர்கள். ஊரில் மாரியப்பன், கோயிலில் அந்தோணி. மனுவில் இருந்தவை ஊர்ப் பெயர்கள். நான் இரண்டையும் ஒரே வரியில் எழுதினேன்.

தங்கள் பிறந்த நாளை அவர்கள் அதுவரை கேட்டதே இல்லை. மாரியப்பன் என்ற அந்தோணி, அந்தோணியார் திருநாளுக்கு மறுநாள் பிறந்தவர். "ஒரு நாளு பிந்திட்டேன். அதாம் எனக்கு ஒண்ணுமே நேரத்துக்கு வர்றதில்ல" என்றார். ஒரு பெண் தன் கணவனைவிட ஐந்து மாதம் மூத்தவள் என்று தெரிந்ததும் வாசலில் ஒரே சிரிப்பு. "இனிமே என்னைய வாங்க போங்கன்னுதான் கூப்படணும்" என்று அவள் கணவனிடம் சொன்னாள். அவர், "அப்ப களி கிண்டறது யாருங்க அம்மணி?" என்றார். அத்தனை பேர் ஒரே நாளில் பிறந்து வந்ததுபோல் இருந்தது எனக்கு.

மனு போட்டவர்களில் பதினோரு பேர் கிடைத்தார்கள். பன்னிரண்டாவது ஆள் குப்பாயி. கணவனை இழந்தவள், பிள்ளை கிடையாது. பெரிய வீட்டுக் களத்தில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை. விரல் நகங்கள் புளியேறிக் கறுத்திருந்தன. கோயில் பெயர் எலிசபெத்து. அவள் பிறந்திருக்கக்கூடிய ஆண்டுகளின் பக்கங்கள் செல்லரித்து, மிச்சம் அடை போல ஒட்டிக்கிடந்தன.

"உன் பக்கம் இல்லையம்மா" என்றேன்.

"எல்லாரும் இருக்கறாங்க, நான் மட்டும் இல்லீங்களா?" வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். "மனை போனாலும் போவுதுங்க. எந்த நாளு பொறந்தன்னு ஒரு தடவ தெரிஞ்சுக்கலாம்னு பாத்தேன்."

"ஊருக்குப் போவதற்குள் தேடிப் பார்க்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

பட்டியலை முத்து முத்தாக எழுதினேன். ஊர்ப் பெயர், கோயில் பெயர், தகப்பன், தாய், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள். உபதேசியார் கோயில் முத்திரையை ஊதா மையில் தொட்டு, எடுப்பாகத் தெரியும்படி அடியில் குத்தினார். நடுவில் சிலுவையும் சுற்றிலும் லத்தீன் எழுத்துமாக அழகாக விழுந்தது. "இத பாத்தா கலெக்டரே எந்திரிச்சு நிப்பாரு" என்றார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஊர்ச் சாவடியில் விசாரணை. தனி தாசில்தார் நடுத்தர வயதுக்காரர், நெற்றியில் மெல்லிய திருநீறு. நல்ல மனிதர், இதை அழுத்தியே எழுதுகிறேன். வந்ததும், "மனை வாங்கினா வேம்பு ஒண்ணு நடணும், சரியா?" என்று மக்களோடு பேசிக்கொண்டே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஊர்க் கணக்குப்பிள்ளையும், பெரிய வீட்டுக்காரரின் மேஸ்திரியும் நின்றார்கள்.

வயதுக்கு ஆதாரம் கேட்டார். உபதேசியார் என்னைப் பார்த்தார். நானே எழுந்து போய்ப் பட்டியலைக் கொடுத்தேன்.

முதல் வரியைப் படித்தார். இரண்டாம் வரியைப் படித்தார். பிறகு அடியில் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. தாளைச் சட்டென்று மடித்து, "இது வேண்டாம். ஓட்டர் லிஸ்ட் இல்லையா? அதைக் கொடுங்க" என்று என்னிடமே திருப்பி நீட்டினார்.

எனக்கு விளங்கவில்லை. "அதில் வயதெல்லாம் தப்பு. இதுதான் சரியானது" என்றேன்.

"சொல்றதக் கேளுங்க, எடுத்துட்டுப் போங்க."

அதற்குள் பின்னால் நின்ற மேஸ்திரி கழுத்தை நீட்டி, "ஐயா, அது இன்னாங்க, சிலுவ போட்ட சீலு?" என்றான்.

தாசில்தார் தாளை மறுபடியும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, கோபமில்லாமல் சொன்னார்: "ஹரிஜனங்களுக்குன்னு எடுக்கற நிலம் இது. கிறிஸ்தவங்க சட்டப்படி அந்தப் பட்டியல்ல வரமாட்டாங்க. மனுவுல எல்லாம் ஊர்ப் பேரா இருந்துது, நானும் ஒண்ணும் கேக்கல. இப்ப ஞானஸ்நானத் தேதியோட முத்திரை குத்திக் கொடுத்திருக்கீங்க. நான் பாக்கலேன்னு சொல்லிடலாம். இவர் பாத்துட்டாரே."

மனுவைப் பிரித்து, பட்டியலில் இருந்த பதினோரு பெயர்களையும் அவர் அதில் ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் அடித்தார். அவருடைய பேனா நின்ற இடத்தில் ஒரு பெயர் மிஞ்சியது.

"குப்பாயி யாரு?"

"அவளுந்தாங்க கோயிலுக்குப் போறவ" என்றான் மேஸ்திரி.

"காகிதம் இருக்கா?"

"ஊருக்கே தெரியுங்க."

"ஊருக்குத் தெரிஞ்சது ஃபைலுக்குத் தெரியாது. பட்டா போடறதுக்குள்ள அவளக் கோயில்ல பாத்தேன்னு கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும், அப்ப அடிக்கறேன். இல்லேன்னா வயசுக்கு ஓட்டர் லிஸ்டே போதும், அடுத்த சேரிக்காரங்களோட சேர்ந்து அவளுக்கு மனை உண்டு."

போகும்போது தாசில்தார் என் பக்கம் திரும்பி, "கையெழுத்து நல்லா இருக்கு சார்" என்றார். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல நினைத்திருக்கிறார், வேறு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலை நான் கோயில் அறையைவிட்டு வெளியே வரவில்லை. யாராவது வந்து திட்டினால் தேவலாம் என்றிருந்தது. யாரும் வரவில்லை. மாரியப்பனின் மனைவி மட்டும் வந்து, "மத்தியானமும் சாப்பிடலியாமே" என்று ஒரு கிண்ணத்தில் களி வைத்துவிட்டுப் போனாள். கணவனைவிட ஐந்து மாதம் மூத்தவள் இவள்தான்.

வெள்ளிக்கிழமை மரியநாதர் சாமியார் திரும்பி வந்தார். நாற்பது வயது, வெயிலில் கறுத்த ஒல்லியான ஆள், அங்கியின் ஓரமெல்லாம் செம்மண். உபதேசியார் நடந்ததைச் சொல்ல, நின்றபடியே கேட்டார். சிலுவைப்பாதை செபத்துக்கு வந்திருந்த மக்கள் அப்படியே சுற்றி உட்கார்ந்தார்கள்.

உபதேசியார் அழுகையை அடக்கிக்கொண்டு, "சாமி, கோயில் காயிதம் போவக்கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலியே" என்றார்.

"சொல்லல. சொல்லியிருக்கணும்." சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஞாயித்துக்கிழமை பீடத்துல நின்னு, எல்லாரும் சத்தமா விசுவாசப் பிரமாணம் சொல்லுங்கங்கறேன். அதே வாயால, ஆபீசுல மட்டும் வாய மூடிக்குங்கன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. நீங்களா புரிஞ்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

மாரியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "ஏன் சாமி, ஒரு ஆறு மாசம் நாங்க கோயிலுக்கு வராம இருந்தா சரியாப் போவுங்களா?"

சாமியார் அங்கியின் ஓரத்துச் செம்மண்ணைத் தட்டினார்.

"இல்ல, சும்மா கேக்கறேன். டீக்கடையில எனக்குத் தனி கிளாசு. நீ அந்தோணியா மாரியப்பனான்னு அவன் ஒரு நாளும் கேட்டதில்ல. பெரிய வூட்டுக் கெணத்துல எங்கள தண்ணி மொள்ள உடறதில்ல, அங்கயும் எந்த சாமின்னு கேக்கறதில்ல. மனை குடுக்கறப்ப மட்டும் சர்க்காருக்கு ஞாவகம் வந்துருச்சு."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு சாமியார் தம் செய்தியைச் சொன்னார். அவருக்கு மாற்றல். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்குள் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். வகுப்பு எடுக்கும் வேலை, பங்கு கிடையாது. "மேற்றிராணியார் என்னைத் திட்டல. ரொம்ப நல்லாத்தான் பேசினாரு. நடந்து நடந்து களைச்சுட்டே, கொஞ்சம் ஓய்வெடுன்னாரு" என்றார்.

அதன் பிறகு சிலுவைப்பாதை. இயேசு சிலுவை சுமந்ததை நினைக்கும் பதினான்கு இடங்களிலும் மண்டியிட்டார்கள். எங்கள் ஈப்போ கோயிலில் தமிழர் ஒரு பெஞ்சு, சீனர் ஒரு பெஞ்சு என்று உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். இங்கே ஒவ்வோர் இடத்திலும் எழுந்திருக்க அவர்களுக்கு நேரம் பிடித்தது. அடுத்த ஆண்டு இந்தப் பதினோரு குடும்பங்கள் எந்த ஊரில் மண்டியிடுமோ என்று எண்ணிக்கொண்டே நான் பின்னால் நடந்தேன்.

சனிக்கிழமை எனக்குச் செய்ய எதுவும் இல்லை. கை சும்மா இருக்கவில்லை. செல்லரித்த பதிவேட்டை எடுத்து, உபதேசியார் வீட்டு அடுப்பில் கொதிக்கும் பானையின் ஆவியில் காட்டி, ஒட்டிய தாள்களைக் கத்தி முனையால் பிரித்தேன். மூன்றாவது தாளில், அரித்த ஓட்டைகளுக்கு நடுவே, எலிசபெத்து. தகப்பன் பெயர் பாதி, தாயின் பெயர் முழுதும். நாளும் மாதமும் ஆண்டும் ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் இருந்தன. எத்தனையோ பழைய ஏடுகளில் எத்தனையோ தேதிகளைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். கண்டுபிடித்ததும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது அது ஒன்றுக்குத்தான். ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியாரின் கடைசிப் பூசைகளில் ஒன்று. கோயில் நிறைந்திருந்தது. குப்பாயி உள்ளே வரவில்லை. கோயிலுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், கூடையில் புளியை வைத்து விற்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பத்தடி தள்ளி டீக்கடைப் பலகையில் கணக்குப்பிள்ளையின் தலையாரி, குடித்து முடித்த கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான்.

அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடித்தபோது நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். குப்பாயி கீழே விழுந்த புளியைப் பொறுக்குகிறவள் போல முழங்காலில் குனிந்தாள். மணி நிற்கும்வரை எழவில்லை.

நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்கும் நேரம். வரிசை முடிந்தது. சாமியார் பீடத்துக்குத் திரும்பாமல், பாத்திரத்தைக் கையில் ஏந்தியபடி கோயிலின் நீளம் முழுதும் நடந்து வாசலுக்கு வந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலையில் நின்றார். சாலைக்கு அப்பால் குப்பாயி அவரைப் பார்த்தாள். தலையாரியும் பார்த்தான். அவள் மிக லேசாக, கழுத்து அசைந்ததா என்று சந்தேகப்படும் அளவுக்கு, தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. சாமியார் பாத்திரத்தை மூடினார். பிறகு திரும்பிப் பீடத்துக்கு நடந்தார். வெறுங்கால் சத்தம் கோயில் முழுதும் கேட்டது.

மதியம் இரண்டு மணிப் பேருந்துக்கு உபதேசியார் என்னை வழியனுப்ப வந்தார். குப்பாயியும் வந்தாள். துணியில் கட்டிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள்.

"கொட்ட எடுத்த புளிங்க. மலேயாவுல கெடைக்குதோ என்னமோ."

"கிடைக்கும். இவ்வளவு நல்லதாக இருக்காது."

அவள் போகவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "ஐயா, அந்தப் பக்கத்த பாக்கறேன்னு சொன்னீங்களே. கெடைச்சுதுங்களா?"

துண்டுத்தாள் என் சட்டைப்பையில் இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. சொன்னால், அன்றைக்கே சேரி முழுதும் அவள் பிறந்த நாள் தெரிந்துவிடும். அப்புறம் எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று மேஸ்திரிக்கும் தெரியும். தலையாரி எங்கள் பின்னாலேயே வந்து நிறுத்தத்தில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

"கிடைக்கலம்மா. முழுக்கச் செல்லரிச்சுப் போச்சு" என்றேன். உபதேசியார் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பானை அவர் வீட்டு அடுப்பில் அல்லவா கொதித்தது.

குப்பாயி சிரித்தாள். "போவுதுங்க. அது போனதாலதான எனக்கு வூடு வருது." பேருந்து வந்து நின்றது. நான் ஏறிய பிறகு ஜன்னலுக்குக் கீழே வந்து சொன்னாள்: "அவங்களுக்கெல்லாம் நாளு இருக்குதுங்க. எனக்கு வூடு மட்டும் இருக்குது."

ஆடி கழிந்து உபதேசியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குடிசைகளைப் பிரித்தாகிவிட்டது. ஏழு குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டன. மாரியப்பன் ஓசூர்ப் பக்கம் கல் உடைக்கிறார். மற்றவர்கள் எங்கே என்று சரியாகத் தெரியவில்லை. குப்பாயிக்குப் பட்டா வந்துவிட்டது, மேட்டில் அடுத்த சேரிக்காரர்களோடு வீடு போட்டிருக்கிறாள், வாசலில் ஒரு வேம்பு வைத்திருக்கிறாள். பட்டா வந்தபின்னும் கோயிலுக்குள் வருவதில்லை, எதிரே உட்கார்ந்துவிட்டுப் போகிறாள், பயம் விடவில்லை என்று எழுதியிருந்தார். புதிய சாமியார் யாரையும் எங்கும் கூட்டிக்கொண்டு நடப்பதில்லை என்பதும் கடிதத்தில் இருந்தது.

அப்பாவின் கல்லில் தேதி வெட்டியாயிற்று. அந்தப் பக்கம் போகும்போது என் மனைவி, "இப்பத்தான் நல்லா இருக்கு" என்கிறாள்.

குப்பாயி பிறந்த நாள் ஆண்டுக்கு ஒருமுறை என் நாட்குறிப்பிலும் வருகிறது. அன்றைய பக்கத்தில் நான் மழை, வெயில், வரவு, போக்கு எதையும் எழுதுவதில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிடுகிறேன்.